மெஷினுக்கு வேர்த்தது

போன வாரம் சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் நகர்த்திவிட்டு எழுந்து போனாளே, அந்தக் கோபம் இன்று விடிந்த பிறகும் அவளுக்கு இறங்கவில்லை. அடுப்பில் பால் பொங்கியது. அவள் அதற்கு முன்பே பொங்கிக்கொண்டிருந்தாள்.

காரணம், மாடியில் குடியிருக்கும் கொழுந்தன்.

அவளுக்குக் கிடங்கில் 'லைன் அக்கா' என்று பெயர். ஜனங்கள் போனில் தட்டி வாங்கும் சோப்பு, செருப்பு, சார்ஜர் எல்லாவற்றையும் ரேக்கிலிருந்து எடுத்து, ஸ்கேன் பண்ணி, பெட்டியில் போட்டு அனுப்பும் வரிசைக்கு அவள்தான் பொறுப்பு. அந்த வரிசையில் இருப்பவர்களுக்குப் பதிலாக மெஷினைக் கொண்டுவரும் கம்பெனியில் கொழுந்தனுக்குப் பெரிய உத்தியோகம். ஊரில் வேறு கிடங்கே இல்லாதது போல, அண்ணி வேலை பார்க்கும் இடத்திலேயே வந்து கடை விரித்திருந்தான்.

கிடங்கில் அவனுக்கும் ஒரு பெயர் உண்டு: ஸ்லைடு. "சாப்டீங்களா சார்?" என்று கேட்டால்கூடச் சுவரில் படம் போட்டுத்தான் பதில் சொல்வான் என்று ஆட்கள் வைத்த பெயர்.

அவன் கொண்டுவந்த மெஷின்களின் லட்சணம் அவளுக்குத் தெரியும். தரையோடு தரையாக ஊர்ந்து வரும் தட்டை வண்டிகளுக்கு ஆட்கள் ஆமை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆமையையாவது நம்பலாம், இவை பாதி வழியில் நின்று பிராது கொடுப்பது போலக் கத்தும். அப்புறம் ஒரு இரும்புக் கை. சதுரப் பெட்டியைக் கொடுத்தால் சமர்த்தாக எடுத்து வைக்கும். மடித்த துணியையோ ஷாம்பு பாக்கெட்டையோ கண்டால் அப்படியே நிற்கும். பிறகு என்ன நினைத்துக்கொள்ளுமோ, திடீரென்று புத்தி வந்தது போல எடுத்துவிடும்.

இந்த அழகில், மெஷினை மொத்தமாக வாங்க ஒரு பெரிய கம்பெனி வருகிறது. ஆளே இல்லாமல், விளக்கே இல்லாமல் நடக்கும் இருட்டுக் கிடங்கை அவர்களுக்குக் காட்டப்போகிறேன் என்று ஸ்லைடு சாப்பாட்டு மேசையில் அறிவித்தான். ஆளில்லாமல் எப்படி என்று அவள் கேட்டாள். "பலகை வந்து இறங்கியாச்சு அண்ணி. ரேக்கைச் சுத்தி அடிச்சுடுவோம். உள்ளே நம்ம ஆளுங்க இருப்பாங்க. வெளியே தெரியாது" என்றான். அப்போதுதான் தட்டு நகர்ந்தது.

இன்று அந்த நாள்.

ஸ்லைடு மாடிப்படியில் இறங்கி வந்தான். ஆள் வருவதற்கு முன்பே சென்ட் வந்து சேர்ந்தது.

"அண்ணி, இன்னும் கோபமா?"

"கோபமெல்லாம் சரிசமமானவங்க மேல வர்றது தம்பி. டீ வேணுமா?"

அவள் புருஷன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து தொண்டையைச் செருமினார். அவருக்குச் சொந்தமாகச் சில வேன்கள். கிடங்கிலிருந்து கிளம்பும் பார்சல்களை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழில். தம்பி என்றால் அவருக்கு உயிர். தம்பி கிழக்கே சூரியன் மறைகிறது என்றால், ஆமாம், இன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே மறைகிறது என்பார்.

"அவன் நல்லா வந்தா நமக்குத்தானே நல்லது? புது கம்பெனி வந்தா அவங்க பார்சலும் என் வேன்ல ஏறும்."

"பொய்யை ஏத்த வேன் எதுக்குங்க? உங்க தம்பி வாயே போதும்."

ஸ்லைடு சிரித்தான். அவமானத்தைத் துடைத்துப் போட்டுவிட்டுச் சிரிப்பது அவனுடைய ஒரே நிஜமான திறமை.

"அண்ணி, நீங்க உள்ளே நின்னா நம்ம ஆளுங்க தைரியமா இருப்பாங்க. இது ஒரு நாள் கூத்து. டீல் முடிஞ்சதும் எல்லாரையும் நிரந்தரம் பண்ணச் சொல்லி முதலாளிகிட்டப் பேசிட்டேன். மெஷின் வளர்ற வரைக்கும் ஆளு வேணும்ல?"

"யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டீங்களே?"

"சத்தியமா அண்ணி."

அவள் நம்பவில்லை. ஆனால் அவள் போகாவிட்டால் அங்கே வேறு ஒருத்தரை நிறுத்துவார்கள். அந்த ஆள் வாய் நனைக்கத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார். அதனால் கிளம்பினாள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது மேலே பார்த்தாள். மாடிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஸ்லைடின் மனைவி, அவளுடைய ஓரகத்தி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏதோ விளையாட்டு விளையாடுகிறாள் என்பது கீழ் வீட்டின் தீர்ப்பு. பக்கெட்டில் துணி ஊறி நாறினாலும் இறங்கி வரமாட்டாள்.

"மாடி மகாராணிக்கு இன்னும் விடியல போல" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

*

பலகைச் சுவருக்குக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். வாசனை இன்னும் போகவில்லை. கீழே ஆமை நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. அதில் ரப்பர் பட்டைகள் திரைபோலத் தொங்கின.

ஏற்பாடு இதுதான். வெளியே ஆர்டரைத் தட்டினால் ஆமை காலிக் கூடையைச் சுமந்துகொண்டு பட்டைகளுக்குள் நுழையும். உள்ளே இருப்பவர்கள் பொருள்களைத் தேடிக் கூடையில் போட வேண்டும். ஆமை நிறைந்த கூடையோடு வெளியே போகும். அங்கே இரும்புக் கை அதைப் பெட்டியில் அடுக்கும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள். இங்கே மறைக்கச் சோறுகூட இல்லை, வெறும் பலகை.

மெஷினுக்கு வெளிச்சம் வேண்டாம் என்பது ஸ்லைடின் பெருமை. அதனால் உள்ளே விளக்கு கிடையாது. மெஷினுக்குக் காற்று வேண்டாம். அதனால் ஃபேனும் கிடையாது. ஆட்கள் நெற்றியில் சின்ன டார்ச்சைக் கட்டி, பலகை இடுக்கு வழியாக வெளிச்சம் கசியாமலிருக்க அதன்மேல் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள்.

வரிசையில் எல்லோரையும்விட உயரமானவனுக்கு மலை என்று பெயர். அவன் மேல் தட்டில் முட்டாமலிருக்கக் குனிந்தே நின்றான்.

"அக்கா, தும்மல் வந்தா?"

"அடக்கிக்கோ."

"அடங்கலைன்னா?"

"மெஷினுக்கு எண்ணெய் போடணும்னு சொல்லிச் சமாளிப்பாரு. அவருக்கு அதெல்லாம் கஷ்டமா?"

இருட்டுக்குள் சிரிப்பு அலையடித்து அடங்கியது. வெளியே காலடிச் சத்தம் கேட்டது.

"இதுதான் மேடம், நாளைய கிடங்கு" என்றது ஸ்லைடின் குரல். வீட்டில் பேசும் குரல் வேறு. இது வாடகைக்கு எடுத்தது. "உள்ளே ஒரு மனுஷன்கூடக் கிடையாது."

உள்ளே இருந்த மனுஷர்கள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள்.

முதல் ஆமை உள்ளே வந்தது. ஸ்கேனரில் பட்டியல் ஒளிர்ந்தது. கைகள் பறந்தன. அடுத்த ஆமை, அதற்கடுத்த ஆமை. எந்த ரேக்கில் எது இருக்கிறது என்று அவர்களுக்கு இருட்டிலும் தெரியும். ஏமாற்று வேலைதானே, மெதுவாகச் செய்தால் என்ன என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். ஆனால் வருஷக்கணக்கில் ஓடிப் பழகிய கைகள். அவை யாருக்காக ஓடுகிறோம் என்று கேட்பதில்லை.

வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ள நேரமில்லை.

"நல்ல வேகம்" என்றது வெளியே ஒரு பெண் குரல். வாங்க வந்த கம்பெனியின் அம்மாள். "எப்பவும் இப்படித்தானா?"

"இதைவிடக் கூடும் மேடம். மெஷினுக்கு முட்டி வலிக்காது. லீவு கேக்காது. பொண்ணுக்குக் கல்யாணம்னு அட்வான்ஸ் கேக்காது."

கிடங்கு முதலாளி சிரித்தார். அவர் சிரிப்பு பலகையில் தட்டுவது போலக் கேட்டது.

"இப்ப இருக்கிற ஆளுங்களை என்ன பண்ணப்போறீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"அதைப் பத்திக் கவலையே படாதீங்க மேடம். இந்த மாசக் கடைசியோட மொத்த லைனும் க்ளோஸ். ஒரு ஆளு மிச்சமிருக்க மாட்டாங்க. முதலாளி முடிவு பண்ணிட்டாரு."

"ஆமா, ஆமா" என்றார் முதலாளி.

உள்ளே மலையின் கையில் ஒரு ஷாம்பு புட்டி இருந்தது. கூடைக்கும் ரேக்குக்கும் நடுவில் அந்தக் கை அப்படியே நின்றது. ஒவ்வொருவராக நின்றார்கள். சிவப்புப் புள்ளிகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

"அக்கா" என்றான் மலை, மூச்சுக்காற்றாக. "நம்ம வேகத்தைக் காட்டியே நம்மள அனுப்புறாங்களா?"

அவளுக்குக் காலையில் டீயை வாங்கிக் குடித்துக்கொண்டே சத்தியம் செய்த அந்த முகம் ஞாபகம் வந்தது. வெறுங்கை முழம் போடாது என்பார்கள். இவன் அடுத்தவன் கையை வைத்து முழம் போடுகிறான். அளந்து முடித்ததும் அந்தக் கையையே வெட்டவும் போகிறான்.

கோபம் வரவில்லை. கோபப்பட அவனிடம் ஏதாவது இருக்க வேண்டுமே. காலில் மிதித்ததைப் பார்த்து முகம் சுளிப்பார்களே, அதுதான் வந்தது.

"கையை எடுங்க" என்றாள்.

"அக்கா?"

"எல்லாரும் கையை எடுங்க. மெஷின் எவ்வளவு வேலை செய்யுதுன்னு நாமளும் பார்ப்போம்."

ஆமை காலிக் கூடையோடு காத்திருந்தது. காத்திருந்து காத்திருந்து, சலித்துப்போய், காலிக் கூடையோடே திரும்பிப் போனது. இன்னொன்று வந்தது. அதுவும் போனது.

வெளியே யாரோ டேப்லெட்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"நெட்வொர்க் மேடம்" என்றான் ஸ்லைடு. "சின்ன டிலே. இப்ப சரியாயிடும்."

சரியாகவில்லை.

"உள்ளே லைட் போடுங்களேன், பார்க்கலாம்" என்றார் அந்த அம்மாள்.

"அது... பாதுகாப்பு விதி மேடம். மனுஷங்க உள்ளே போகவே கூடாது. ஆபத்து."

அவள் நெற்றி டார்ச்சைக் கழற்றினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ரப்பர் பட்டைகளை விலக்கி, ஆமை போகும் வழியாகவே குனிந்து வெளியே வந்தாள். வெளிச்சத்தில் கண் கூசியது. தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தாள்.

முதலாளியின் வாய் திறந்தபடி இருந்தது. ஸ்லைடின் முகத்தில் படம் எதுவும் ஓடவில்லை. வெறும் வெள்ளைத் திரை.

"மெஷினுக்கு ரொம்ப வேர்த்துப்போச்சு தம்பி. அதான் நின்னுடுச்சு."

அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராகத் தவழ்ந்து வெளியே வந்தார்கள். கடைசியில் மலை. அவன் தோள் திறப்பில் சிக்கிக்கொண்டது. இழுத்த இழுப்பில் பலகை ஒன்று கழன்று விழுந்தது. வெளியே வந்து நிமிர்ந்ததும் இவ்வளவு நேரம் அடக்கிவைத்த தும்மலைப் போட்டான்.

யாரும் சிரிக்கவில்லை.

முதலில் சுதாரித்தவன் ஸ்லைடு. அதைச் சொல்லத்தான் வேண்டும். விழுந்த இடத்திலேயே கடை போடத் தெரிந்தவன்.

"மேடம், இது ஒரு தற்காலிக ஏற்பாடு. ஆனா இந்தக் கையைப் பாருங்க! இதுக்குப் பின்னால யாரும் இல்ல. சுத்திவந்து பார்த்துக்குங்க. நூறு சதவீதம் தானா இயங்குது."

உண்மைதான். இரும்புக் கை மட்டும் அப்போதும் வேலையில் இருந்தது. கடைசிக் கூடையிலிருந்த துணிப் பொட்டலத்தை உறிஞ்சித் தூக்கிப் பெட்டியை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது.

பாதி வழியில் நின்றது.

பொட்டலத்தை மெல்ல, பக்குவமாக மேசைமேல் வைத்தது. கேமரா இருந்த அதன் முன்பக்கம் நிமிர்ந்து, வியர்த்து நின்ற ஆட்களைப் பார்த்தது. பிறகு இடதுபுறம், வலதுபுறம், மறுபடி இடதுபுறம் ஆடியது. குழந்தை சாப்பிட மாட்டேன் என்று தலையை ஆட்டுமே, அதே போல. அப்புறம் தொங்கிப்போய் நின்றுவிட்டது.

ஸ்லைடு டேப்லெட்டைத் தட்டினான். பலனில்லை.

அந்த அம்மாள் கை ஆடி நின்றதைப் பார்த்தார். ஸ்லைடைப் பார்க்கவில்லை. கழன்ற பலகை வழியாகத் தலையை நீட்டி இருட்டுக்குள் பார்த்தார். உள்ளிருந்து அடித்த சூட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நேராகக் காரை நோக்கி நடந்தார். முதலாளி பின்னாலேயே ஓடினார். பாதி ஓட்டத்தில் திரும்பி, "நீ வீட்டுக்குப் போ! நாளைக்கு வந்து என்னைப் பாரு!" என்று அவளைப் பார்த்துக் கத்தினார்.

ஸ்லைடிடம் எதுவும் கத்தவில்லை என்பதை அவள் கவனித்துக்கொண்டாள். பொய் சொன்னவன் கூட்டாளி. பொய்யை நிறுத்தினவள்தான் குற்றவாளி.

*

வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் மாடிப்படி ஏறினாள். ஸ்லைடு வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. அவன் பெண்டாட்டியிடமாவது நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

கதவு தாழ் போடவில்லை. தள்ளியதும் திறந்தது.

ஓரகத்தி திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது. மேசைமேல் விமானம் ஓட்டுகிறவர்கள் பிடிப்பது போல இரண்டு கைப்பிடிகள். அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள்.

திரையில் கிடங்கு தெரிந்தது. மேசை, துணிப் பொட்டலம், கழன்று விழுந்த பலகை. இரும்புக் கை எதைப் பார்க்கிறதோ, அது.

அவளுக்குப் புரிய வெகு நேரமாகவில்லை.

"கையை நிறுத்தினது நீயா?"

"ஆமாக்கா."

"ஓட்டினதும்?"

"அதுவும்தான்." ஓரகத்தி எழுந்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள். "சதுரப் பெட்டின்னா அதுவே எடுத்துக்கும். அதுக்குப் புரியாத சாமான் வந்தா இங்கே மணி அடிக்கும். நான் எடுத்து வைக்கணும். காலைல ஷிப்ட் ஆரம்பிச்சா முடியிற வரைக்கும்."

அவள் உட்காரவில்லை.

"இத்தனை மாசமா எங்க ஆளுங்க சோத்துல விழுந்த கை உன் கையா?"

ஓரகத்தி கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"எவ்வளவு குடுக்குறாங்க?"

"யாரு?"

"கம்பெனிதான்."

"கம்பெனிக்கு என்னைத் தெரியாதுக்கா. மெஷின் தானா செய்யுதுன்னுதான் அவங்களும் நினைச்சிட்டு இருக்காங்க." கைப்பிடியில் ஒட்டியிருந்த தூசியை நகத்தால் சுரண்டினாள். "கல்யாணமான புதுசுல விளையாட்டா கத்துக்குடுத்தாரு. நல்லா வருதேன்னாரு. கொஞ்ச நாளைக்குன்னாரு. வீட்டு ஆளுதானே, சம்பளம்னு பேசினா நல்லாவா இருக்கும்னாரு."

லைன் அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு மூலையில் துவைக்காத துணி. மேசையடியில் காய்ந்துபோன சாப்பாட்டுத் தட்டு. மகாராணியின் அரண்மனை இதுதான். எழுந்து போனால் மணி அடிக்கும், மணி அடித்தால் உட்கார வேண்டும். இதைத்தான் கீழே உட்கார்ந்துகொண்டு அவள் இத்தனை நாள் நக்கலடித்திருக்கிறாள்.

"நான் என்னென்ன பேசியிருக்கேன்னு உனக்குக் கேட்டுச்சா?"

"ஹெட்போன் போட்டிருந்தாலும் கீழே பேசுறது கேக்கும்க்கா."

லைன் அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "இன்னைக்கு ஏன் பாதியில விட்டே?" என்றாள்.

"பலகைக்குப் பின்னால ஆளுங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. நீங்க எல்லாம் தவழ்ந்து வந்ததைப் பார்த்தேன். நீங்க நனைஞ்சு நிக்கிறீங்க, அவரு யாரும் இல்லைங்குறாரு. ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நான் இருக்கேனா இல்லையான்னு."

*

சாயங்காலம் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே வந்தார்கள். ஸ்லைடின் டை சட்டைப் பைக்குள் போயிருந்தது. புருஷன் அவள் முகத்தைப் பார்க்காமல் சோபாவில் உட்கார்ந்தார்.

"முதலாளி பெருந்தன்மையானவரு" என்று ஆரம்பித்தான் ஸ்லைடு. "நாளைக்கு நீங்க போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா..."

"யார்கிட்ட? மெஷின்கிட்டயா?"

"அண்ணி, உங்களால எவ்வளவு பெரிய டீல்..."

"சத்தியம் பண்ணினீங்களே தம்பி. அது எந்த ஸ்லைடுல இருந்துச்சு?"

"வியாபாரத்துல அப்படித்தான் பேசுவாங்க. எல்லா கம்பெனியும் முதல்ல கொஞ்சம் ஆளை வச்சு ஓட்டிட்டு அப்புறம்தான் மெஷினுக்கு மாத்துவாங்க. உலகமே அப்படித்தான் போகுது."

"உலகத்தை ஏன் இழுக்குறீங்க? உலகமா வந்து பலகை அடிச்சுது?"

புருஷன் நடுவில் புகுந்தார். "விடு. அவன் பண்ணது தப்புன்னே வச்சுக்கோ. சபையில குடும்பத்தைக் காட்டிக்குடுக்கலாமா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பேசித் தீர்த்திருப்பேன்ல?"

"உங்களுக்குத் தெரியாதா என்ன?"

"தெரியும்... அந்தப் பலகையெல்லாம் என் வேன்லதானே போச்சு." சொல்லிவிட்டு நிறுத்தினார். சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதுதான் தோன்றியது போல.

"எப்ப?"

"போன வாரம். அவன் மேசையில சொல்றதுக்கு முந்தின நாள்."

"நான் தட்டை நகர்த்திட்டுப் போன அன்னிக்கு, 'அப்படியாடா தம்பி'ன்னு ஆச்சரியமாக் கேட்டீங்களே?"

அவர் சோபாவின் நூலைப் பிடித்து இழுத்தார்.

கொழுந்தனை அவள் மனிதனாகவே கணக்கில் வைத்ததில்லை. அதனால் அவன் செய்தது எதுவும் உள்ளே இறங்கியதில்லை. இது இறங்கியது. பெண்டாட்டியை அடைக்கப்போகும் பெட்டிக்குப் பலகை சுமந்து கொடுத்துவிட்டு, ராத்திரி அவள் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்ட மனிதர். எடுப்பார் கைப்பிள்ளை என்று இவ்வளவு காலம் செல்லமாகத்தான் நினைத்திருந்தாள். பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"உங்க தம்பியாவது கூச்சமில்லாம பொய் சொல்றாரு" என்றாள். "உங்களுக்கு அதுக்குக்கூடத் தெம்பில்ல. சும்மா இருந்தே பொய் சொல்றீங்க."

அப்போது ஸ்லைடின் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். எதிர்முனைக்குத் தெரியும் என்று நினைத்தானோ என்னவோ, சட்டைப் பையிலிருந்து டையைக்கூட உருவினான்.

"எஸ் மேடம்... இல்ல மேடம், அந்தக் கோளாறு... ஓ." முகம் மாறியது. "யாரு... கையா? அது வந்து... ஆமா மேடம். வீட்டுலதான். என் மிஸஸ்."

கையால் போனை மூடிக்கொண்டான். "கையை ஓட்டினது யாருன்னு கேக்குறாங்க. மெஷினுக்குத் தலையாட்டத் தெரியாதுன்னு அப்பவே புரிஞ்சுடுச்சாம்."

ஓரகத்தி மாடிப்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியாது. இறங்கி வந்து போனை வாங்கிக்கொண்டாள். அதிகம் பேசவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள். "எத்தனை குடோன்?" என்றாள். "அப்ப அங்க இருக்கிறவங்க?" என்றாள். கடைசியில், "சரி. வர்றேன்" என்று சொல்லி வைத்தாள்.

ஸ்லைடு அண்ணன் தோளில் ஓங்கித் தட்டினான். "பார்த்தியா! நான் சொல்லல? டீல் போகல! நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?"

"உங்களை வர வேண்டாம்னாங்க."

தட்டிய கை தோளிலேயே இருந்தது.

"அவங்களுக்கு நம்ம மெஷின் வேண்டாமாம்" என்றாள் ஓரகத்தி, யாரையும் பார்க்காமல். "கையை ஓட்டுற ஆள்தான் வேணுமாம். ஒரே அறையில கொஞ்சப் பேரை உக்கார வச்சு, ஊர் ஊரா இருக்கிற அவங்க குடோன் எல்லாத்தையும் அங்கேருந்தே ஓட்டப்போறாங்களாம். நான் சேர்ந்து மத்தவங்களுக்குக் கத்துக்குடுக்கணும். சம்பளத்துக்கு."

"குடோன்கள்ல இப்ப இருக்கிறவங்க?" என்று கேட்டாள் லைன் அக்கா.

"அதை நானும் கேட்டேன்க்கா. அதைப் பத்தி நேர்ல பேசலாம்னு சொன்னாங்க."

அந்தப் பதிலின் நாற்றம் அவளுக்கு நன்றாகத் தெரியும். காலையில்தான் பலகைக்குப் பின்னாலிருந்து முகர்ந்தாள். இந்த அம்மாள் ஸ்லைடு இல்லை. இவர் சொன்னதைச் செய்கிறவர். அதுதான் பயம்.

"கூட ஒரே ஒரு ஆளைக் கூட்டிட்டு வரலாமாம்" என்றாள் ஓரகத்தி. "சாமானைத் தொட்டுப் பழகினவங்களா இருக்கணுமாம். யாருன்னு காலைல சொல்றேன்."

போனை ஸ்லைடின் கையில் திணித்துவிட்டுப் படியேறினாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இந்த முறை தாழ் போடும் சத்தமும் கேட்டது.

கீழே மூவரும் மூன்று பக்கம் பார்த்தார்கள்.

"அண்ணியைக் கூப்பிட மாட்டா" என்றான் ஸ்லைடு. "நீங்க பேசின பேச்சுக்கு."

"கொண்டுபோய் விட நான் வேன் எடுத்துட்டு வர்றேன்" என்றார் அவள் புருஷன், யாரும் கேட்காமலே.

அவள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். வழக்கமாக அந்தப் பார்வைக்குப் பிறகு ஒரு வார்த்தை வரும். இன்று வரவில்லை. அவளுடைய போன் மேசைமேல் அதிர்ந்தது. மலை. நாளைக்கு வேலைக்கு வரட்டுமா வேண்டாமா, எல்லோரும் என்ன செய்யலாம் என்று கேட்கத்தான் கூப்பிடுவான். அவள் சொன்ன ஒரு சொல்லுக்குத்தான் அத்தனை பேரும் கையை எடுத்தார்கள்.

எடுத்துப் பேச வேண்டியதுதான். ஆனால் கண் மாடிக் கதவின் மேலேயே இருந்தது. அது திறக்க வேண்டும், தன்னைக் கூப்பிட வேண்டும் என்று மனசு தவித்தது. அந்த மனசைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

போன் அதிர்ந்து அதிர்ந்து, மேசை விளிம்பு வரை நகர்ந்து, நின்றது. அவள் எடுக்கவில்லை.